புஷ்பக விமானமும் புஷ்பக் விமானமும்

(அம்பத்தூரில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



ஆகாய விமானம் செய்த ஒருவருடைய சரித்திரத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நாம் காலேஜில் படித்தவர்களல்ல. விமானத் தொழிலில் பழகியவர்களுமல்ல. வாசகசாலையில் அகப்பட்ட புத்தகங்களைப் பார்த்தும், விஷயம் தெரிந்த தோழர்களைக் கேட்டும் நமக்கு விளங்கியதை உங்கள்முன் வைக்கிறோம். இதை நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் நம்பவேண்டியதில்லை. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இங்கு வந்திருப்பவர்களில் பலர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துக்கு முன்னால் நின்று இரும்பைக் கடைந்து பிழைப்பவர்கள். சிலர் ஆவடித் தொழிற்சாலைத் தோழர்கள். இன்னும் சிலர் பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலை முடித்து வந்தவர்கள். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காரியம் உண்டு. ஒரு நட்டு ஒரு நூல் தவறினால் போல்ட்டில் ஏறாது. அதற்கு மந்திரம் சொன்னாலும் ஏறாது, அழுதாலும் ஏறாது, அளவு சரியாக இருந்தால் யார் திருகினாலும் ஏறும். இந்த ஒரு புத்தியை வைத்துக்கொண்டு நாம் இன்று ஆகாய விமானத்தைப் பார்ப்போம்.

கதையில் பறந்தவை

"ஆகாய விமானம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா? நம் நாட்டில் ராமாயண காலத்திலேயே புஷ்பக விமானம் இருந்ததே!" என்று சொல்லாத மேடை இல்லை. அந்த விமானத்தை விஸ்வகர்மா செய்தானாம். குபேரனிடமிருந்து ராவணன் பிடுங்கிக்கொண்டானாம். பிறகு ராமன் அதில் ஏறி அயோத்திக்குப் போனானாம். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருக்குமாம்; நினைத்த இடத்துக்கு நினைத்தவுடன் போகுமாம்.

கதை கதையாக இருக்கிற வரையில் நமக்கு ஆட்சேபணை இல்லை. பறவையைப் பார்த்துப் பறக்க ஆசைப்படாத ஜனங்கள் உலகத்தில் எங்கும் இல்லை. கிரேக்கன் மெழுகினால் சிறகு ஒட்டிக்கொண்டு பறந்த கதை சொன்னான். அராபியன் பறக்கும் கம்பளம் சொன்னான். யூதன் நெருப்பு ரதத்தில் ஒரு தீர்க்கதரிசியை மேலே ஏற்றினான். நம் தமிழிலேயே சீவக சிந்தாமணியில் ஒரு மயிற்பொறி வருகிறது. கர்ப்பிணியான ராணி விசயை அதில் ஏறித் தப்பிப் போகிறாள். தமிழ்க் கதை என்பதற்காக அதை மாத்திரம் உண்மை என்று நாம் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தப் புலவன் ஒரு நல்ல காரியம் செய்தான். அதைச் செய்தவன் ஒரு தச்சன் என்று எழுதி, வலப்பக்கம் முறுக்கினால் மேலே போகும், இடப்பக்கம் முறுக்கினால் இறங்கும் என்று ஒரு யந்திரத்துக்கு வேண்டிய லட்சணத்தையாவது கற்பனை செய்தான்.

கிரேக்கன் இன்று, "எங்கள் நாட்டில் மெழுகுச் சிறகு இருந்தது, ஆகையால் விமானம் எங்களுடையது" என்று சொல்லுகிறானா? சொன்னால் அவன் வீட்டுக் குழந்தையே சிரிக்கும். நாம் மாத்திரம் ஏன் சொல்லவேண்டும்?

நிஜமான யந்திரத்துக்கு ஒரு அடையாளம் சொல்லுகிறோம், கேளுங்கள். நிஜமான யந்திரம் பழுதாகும். எண்ணெய் கேட்கும். தேயும். அதைப் பழுதுபார்க்க ஒரு ஆள் வேண்டும். அவனுக்கு ஒரு வரைபடம் வேண்டும். அவனிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன் ஒருவன் இருப்பான். புஷ்பக விமானம் என்றைக்காவது பழுதானதாகக் கதை உண்டா? அதற்கு என்ன தீனி போட்டார்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? விஸ்வகர்மாவிடம் வேலை கற்ற ஒரு சீடன் இரண்டாவது விமானம் ஒன்று செய்தானா? ஒன்றும் இல்லை. பழுதாகாத யந்திரம் கதையில் மாத்திரந்தான் இருக்கும் என்பதை லேத்தில் நிற்கும் தோழருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பல்லாவரத்தில் பறந்தது

மேல்நாட்டில் விமானம் எப்படி வந்தது? ஜெர்மனியில் லிலியந்தால் என்பவர் சிறகு கட்டிக்கொண்டு குன்றிலிருந்து சுமார் 2,000 தடவை காற்றில் சறுக்கிப் பார்த்து, 1896-ல் விழுந்து செத்தார். அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், ஹைஸ்கூல் பட்டயம் கூட வாங்காதவர்கள், 1901-ல் ஒரு மரப்பெட்டிக்குள் காற்றைச் செலுத்தி, சுமார் 200 வகைச் சிறிய இறக்கைகளை அதில் வைத்து எது எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார்கள். அதன் பிறகுதான் 1903 டிசம்பர் 17-ல் 12 விநாடி பறந்தார்கள். பறந்த தூரம் 120 அடி. இந்தக் கொட்டகைக்குள் அடங்கிவிடும் தூரம்! 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள கடலைத் தாண்டினார்.

இந்தச் செய்தி சென்னைக்கு வந்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டி ஆஞ்செலிஸ் என்பவர், மிட்டாய் வியாபாரத்தில் பெயரெடுத்தவர், தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டார். கோச்சு வண்டி செய்துவந்த சிம்ப்ஸன் கம்பெனியில் கொடுத்து அதைச் செய்வித்தார். 1910-ம் வருஷம் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஜனங்கள் கட்டணம் கொடுத்துப் பார்க்கும்படி காட்சியும் நடத்தினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷங்கூட ஆகவில்லை. நமக்குப் பக்கத்திலே இருக்கிற பல்லாவரத்தில் ஒரு விமானம் கிளம்பிவிட்டது.

தோழர்களே! அந்த விமானத்துக்கு மரம் இழைத்தவன் யார்? இரும்பு பூட்டியவன் யார்? வண்டிப் பட்டறைத் தொழிலாளிதானே! புராணம் கேட்ட ஊரில் விமானம் வந்தது புராணத்தினாலல்ல, பட்டறையினால்தான் வந்தது. ஆனால் இந்தச் சங்கதி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? புஷ்பக விமானம் தெரியாத பிள்ளை இல்லை; பல்லாவரம் விமானம் தெரிந்த பிள்ளை நூற்றுக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு 1932 அக்டோபர் 15-ல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1936-ல் சரளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண் புடவை கட்டியபடியே விமானம் ஓட்டி லைசென்ஸ் வாங்கினார். பெண்ணுக்கு அடுப்பங்கரைதான் லாயக்கு என்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இவர்களெல்லாம் ஓட்டியது அன்னிய நாட்டில் செய்த விமானம். நம் நாட்டில் திட்டம் போட்டு, நம் நாட்டில் செய்து, வரிசையாக உற்பத்தி செய்யும் யோக்கியதையை உண்டாக்கியவர் யார் என்பதுதான் இன்றைய விஷயம்.

காட்கே

அவர் பெயர் விஷ்ணு மாதவ் காட்கே. 1908-ல் கோலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பெயரில் விஷ்ணு இருந்தாலும் கருடனைத் தேடிப் போகாமல் கணக்கைத் தேடிப் போனார். பம்பாயில் படித்துவிட்டு, ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற ஊருக்குப் போய், பிராண்டில் என்ற பேராசிரியரிடம் மாணவராக இருந்து 1936-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இந்தப் பிராண்டில் என்ன கண்டுபிடித்தார் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி மதகைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் வேகமாக ஓடும். கரையை ஒட்டினாற்போல் மெதுவாக நகரும். கரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற தண்ணீர் அனேகமாக நகராது. காற்றும் அப்படித்தான். விமானத்தின் இறக்கைமேல் காற்று ஓடும்போது, இறக்கையை ஒட்டி மெல்லிய ஏடு போல ஒரு படலம் தயங்கித் தயங்கி நகருகிறது. அந்தப் படலம் இறக்கையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிற வரையில் இறக்கை தூக்கும். அது பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டால் தூக்குவது நின்று, விமானம் கல்லைப்போல விழத் தொடங்கும். பிராண்டில் இதை 1904-ல் எடுத்துச் சொன்னார். இறக்கையை எந்த வளைவில் செய்யவேண்டும், எவ்வளவு சாய்க்கலாம் என்பதற்கெல்லாம் இதுதான் அடிப்படை. இதைத் தெரியாமல் இறக்கை செய்கிறவன் குருட்டாம்போக்கில் செய்கிறவனே ஆவான்.

அந்தக் கோட்டிங்கன் ஊரைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தவுடன், மாக்ஸ் பார்ன், எம்மி நோய்த்தர் போன்ற பெரும் பெரும் பேராசிரியர்களை யூதர் வயிற்றில் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சர்வகலாசாலையிலிருந்து விலக்கினார்கள். எம்மி நோய்த்தர் கணக்கில் உலகம் வியந்த பெண். பிறப்பைப் பார்த்து அறிவை விரட்டிய அந்த நாடு, உலகத்துக்கே கணக்குப் பள்ளிக்கூடமாக இருந்த கோட்டிங்கனைப் பாழாக்கிக்கொண்டது. விரட்டப்பட்டவர்களை ஏற்றுக்கொண்ட நாடுகள் பலன் அடைந்தன. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கிற நம் நாட்டாருக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

கற்றுக்கொடுக்கும் விமானம்

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்ற முதலாளி மைசூர் சர்க்காரின் உதவியோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியை ஆரம்பித்தார். காட்கே அங்கே சேர்ந்தார். முதலில் அங்கே நடந்தது அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் வேலையும், யுத்த காலத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையுந்தான். பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்துகொண்டே அவர் பத்துப் பேர் ஏறக்கூடிய, என்ஜின் இல்லாத சறுக்கு விமானம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். 1942 டிசம்பரில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியலுக்கென்று ஒரு பகுதி ஏற்பட்டபோது அதை முன்நின்று தொடங்கி நடத்தியவரும் அவரே. அதாவது ஒரு பக்கம் பட்டறை, ஒரு பக்கம் பள்ளிக்கூடம். இரண்டையும் ஒருவரே பார்த்ததுதான் விசேஷம். நம் நாட்டில் படித்தவன் கை அழுக்காகக் கூடாதென்பான். கை அழுக்கானவனுக்குப் படிப்பு வேண்டாமென்பான். இந்தச் சுவரை இடிக்காதவரையில் ஒரு ஊசிகூட உருப்படியாகச் செய்யமுடியாது.

1951 ஆகஸ்டு 5-ல், காட்கேயும் அவருடைய கூட்டத்தாரும் செய்த ஹெச்.டி.-2 என்ற விமானம் பெங்களூரில் கிளம்பிற்று. முழுவதும் உலோகத்தால் ஆனது. முன்னும் பின்னுமாக இரண்டே ஆசனம். ஒன்று வாத்தியாருக்கு, ஒன்று மாணவனுக்கு. இந்தியாவில் திட்டமிட்டு உற்பத்திக்கு வந்த முதல் விமானம் அதுதான். சுமார் 170 விமானங்கள் செய்யப்பட்டன. முப்பது வருஷங்களுக்கு மேலாக நம் நாட்டு விமானப் படைப் பையன்கள் அதில்தான் முதல் பாடம் படித்தார்கள். ஆப்பிரிக்காவில் விடுதலை அடைந்த கானா தேசம் 12 விமானங்களை வாங்கிற்று.

இதை நீங்கள் கவனிக்கவேண்டும். அவர் முதலில் செய்தது ராஜா ஏறும் விமானமல்ல. குண்டு போடும் விமானமுமல்ல. கற்றுக்கொடுக்கும் விமானம்! ஒருவன் கற்று இன்னொருவனுக்குக் கற்பித்து, அவன் வேறொருவனுக்குக் கற்பிக்கிற காரியம். கதைப் புஷ்பகத்தில் ஓட்டுகிற வேலையே கிடையாது. அது தானே போகும். ஆகையால் அங்கே கற்றுக்கொள்ள ஒருவனுக்கும் ஒன்றும் இல்லை.

பிறகு 1958 செப்டம்பரில் காட்கே கூட்டத்தாரின் இன்னொரு சிறு விமானம் பறந்தது. இது விமானச் சங்கங்களில் சாதாரணப் பிள்ளைகள் ஓட்டக் கற்றுக்கொள்வதற்காகச் செய்தது. இதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "புஷ்பக்" என்று வைத்தார்கள்! பெயர் புராணத்துப் பெயர்தான். ஆனால் விஷயம் வேறு. உலோகக் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணிப் போர்வை, 90 குதிரைச் சக்தியுள்ள என்ஜின், இரண்டே ஆசனம். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் என்ற கதை இங்கே செல்லாது. மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை. துணி கிழிந்தால் தைக்கவேண்டும்; பெட்ரோல் தீர்ந்தால் இறங்கவேண்டும். ஆகையினால்தான் அது பறந்தது! 150-க்கு மேற்பட்ட புஷ்பக்குகள் செய்யப்பட்டு எத்தனையோ விமானிகளை உண்டாக்கின. அதன் பின் 1964 செப்டம்பர் 4-ல் காட்கேயின் முயற்சியில் உருவான கிரண் என்ற ஜெட் பயிற்சி விமானம் பறந்தது. 1965-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 1991-ல் அவர் காலமானார்.

சாஸ்திரத்தின் யோக்கியதை

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் என்ன நடந்தது? பரத்துவாச முனிவர் எழுதியதென்று "வைமானிக சாஸ்திரம்" என்ற ஒரு புத்தகம் கிளம்பிற்று. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த சுப்பராய சாஸ்திரி என்பவர், முனிவர் அருளால் தமக்குத் தோன்றியதாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்ட புத்தகம் அது. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று நாலு விமானங்களுக்குப் படமும் உண்டு. இதைத் தூக்கிக்கொண்டு, "பார்த்தீர்களா, பார்த்தீர்களா" என்று கூத்தாடினார்கள்.

1974-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துப் பொறியியல் ஆராய்ச்சியாளர் ஐந்து பேர் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பரிசோதித்தார்கள். காட்கே தொடங்கி வைத்த அந்த விமானப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் வையவில்லை, கேலி செய்யவில்லை, அளந்தார்கள். எடை என்ன, இறக்கை என்ன, தள்ளும் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டார்கள். முடிவு என்னவென்றால், அந்தப் புத்தகம் 1900-க்கும் 1922-க்கும் நடுவில் உண்டானது; படங்கள் இக்காலத்து நக்ஷாக்காரர் ஒருவர் வரைந்தவை; நாலு விமானத்தில் ஒன்றுக்கும் பறக்கும் தன்மை கிடையாது; அதில் சொன்னபடி யந்திரம் வைத்தால் அது பறப்பதற்கு உதவுவதற்குப் பதில் தடைதான் செய்யும் என்பதாகும்.

இத்தோடு விட்டதா? இல்லை. 2015 ஜனவரியில் பம்பாயில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசிலேயே, வேதகாலத்து விமானம் கிரகத்துக்குக் கிரகம் பறந்ததென்று ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. கணக்கினால் செத்த புரட்டு காவடி எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்துவிட்டது!

நஷ்டம் யாருக்கு?

"இருந்தால் என்ன? முன்னோர் பெருமை பேசினால் உனக்கு என்ன நஷ்டம்?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நஷ்டம் எங்கே இருக்கிறதென்று காட்டுகிறோம்.

1951-ல் பறந்த ஹெச்.டி.-2-க்கு என்ஜின் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1958 புஷ்பக்குக்கு என்ஜின் அமெரிக்காவிலிருந்து வந்தது. கிரணுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. இன்றைக்குப் பறக்கிற தேஜஸ் போர் விமானத்துக்கும் என்ஜின் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. இறக்கை நம்முடையது, உடல் நம்முடையது, உயிர் மாத்திரம் அன்னியனுடையது! உருகாத உலோகத்தில், மயிரிழை பிசகாமல், அடுப்பைப்போல் எரிகிற காற்றில் சுழலும் தகடு செய்யும் வித்தை நமக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. அதற்கு வேண்டியது பணமும் படிப்பும் பல வருஷத்து உழைப்பும். "எல்லாம் முன்னமே இருந்தது" என்று சொல்லிக்கொடுத்து வளர்க்கிற பிள்ளை, இனிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று உட்கார்ந்துவிடமாட்டானா? இதுதான் நஷ்டம். இருக்கிறதாகச் சொல்லுகிற பொய், இல்லாததைச் செய்யவிடாமல் தடுக்கிறது.

2019 அக்டோபரில் நம் நாட்டுக்காகப் பிரான்சில் ஒரு போர் விமானத்தைப் பெற்றுக்கொள்ளும்போது அதன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததை உலகம் பார்த்தது. அந்த விமானத்தைச் செய்தவன் எலுமிச்சம்பழம் வைத்தா செய்தான்? அவன் ஒவ்வொரு ஆணியையும் சோதித்து அல்லவா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்? சோதித்தவன் கையெழுத்தை நம்பாமல் பழத்தை நம்புகிறவன், நாளைக்குச் சோதனையைக் குறைத்துப் பழத்தை அதிகமாக்க மாட்டான் என்பதற்கு என்ன ஜாமீன்?

கடைசியாக ஒரு வார்த்தை. ஆவடியில் டாங்கிக்காக ஏற்பட்ட போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையத்தில், தேஜஸ் விமானத்துக்கு ஒரு முக்கியமான கியர்பாக்ஸைத் திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள். என்ஜினின் சுழற்சியை வாங்கி, விமானத்துக்குள் இருக்கும் மற்ற யந்திரங்களை ஓட்டுகிற பெட்டி அது. உங்கள் ஊரில் நடந்த காரியம், தோழர்களே! அயோத்தியிலல்ல, இலங்கையிலல்ல, ஆவடியில்! இதை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்றைக்காவது சொன்னதுண்டா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் பிள்ளை, ஆணோ பெண்ணோ, ஒரு பழைய கடிகாரத்தையோ மின்விசிறியையோ பிரித்துப் போட்டால் அடிக்காதீர்கள். ஒரு திருப்புளி வாங்கிக் கொடுங்கள். ஜாதகம் பார்க்கக் கொடுக்கிற காசில் ஒரு கணக்குப் புத்தகம் வாங்குங்கள். "நீ என்ன ஜாதி, உனக்கு எதற்கு இந்தப் படிப்பு?" என்று கேட்கிறவனிடம், காற்றுக்கு ஜாதி தெரியாது என்று சொல்லுங்கள். இறக்கை சரியாக இருந்தால் யாரையும் தூக்கும். தப்பாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த ஜாதிக்காரனாக இருந்தாலும் கீழே போட்டுவிடும். இந்த நியாயம் நம் சமூகத்திலும் வரவேண்டும் என்பதற்காகத்தான் நாம் ஊர் ஊராகப் பேசிவருகிறோம்.